கோப்பையை மாற்றினால் பால் வருமா?

முன்னூற்று நாற்பத்தெட்டு ஓட்டுகள். 2022 நவம்பர் 19ந் தேதி பாகான் டத்தோ பார்லிமெண்டுத் தொகுதியில் அம்னோ தலைவர் அகமட் ஸாஹிட் ஹமிடி பெற்ற பெரும்பான்மை இவ்வளவுதான். 1995 முதல் இத்தொகுதியை விடாமல் வைத்திருப்பவர் அவர். அதற்கு முந்திய 2018 தேர்தலில் 5,073 ஓட்டு அதிகம் பெற்று வென்றவர். நான்கே ஆண்டில் அந்த ஐயாயிரம் 348 ஆகக் கரைந்தது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அன்னதானப் பந்தியில் உட்காருகிறவர்கள் இதைவிட அதிகம் இருப்பார்கள், தோழர்களே!

இந்த எண்ணை நாம் இன்று எடுத்துப் பேசுவது வென்றவரைப் பழிப்பதற்கல்ல, தோற்றவருக்காக ஒப்பாரி வைப்பதற்குமல்ல. ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன், ரூங்குப் வட்டாரத்துத் தொழிலாளி அளித்த ஓட்டிலிருந்து கட்சிகள் என்ன பாடம் படித்தன, அந்தப் பாடத்தை வைத்து அடுத்த அபேட்சகரை எப்படிப் பொறுக்குகின்றன என்பதே நம் கேள்வி. அடுத்த பொதுத் தேர்தல் சட்டப்படி 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். அபேட்சகரின் முகம் சுவரொட்டியில் வந்த பிறகு கேள்வி கேட்பது, பால் ஸ்டோருக்குப் போன பிறகு வாளியில் ஓட்டை தேடுவதைப் போன்றது. இப்போதே கேட்க வேண்டும்.

அன்று ஸாஹிட்டை எதிர்த்து மக்கள் நீதிக் கட்சியின் பெயரால் நின்றவர் சம்சுல் இஸ்கண்டார். அவர் பாகான் டத்தோக்காரர் அல்லர், மலாக்காவில் அரசியல் நடத்தியவர். 2021 நவம்பரில் மலாக்கா சட்டமன்றத் தேர்தலில் தோற்றவர். ஓராண்டு கழித்து நம் தொகுதிக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு 16,230 பேர் ஓட்டளித்தார்கள். தேர்தல் முடிந்த ஐந்தாம் நாள் அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். டிசம்பர் தொடக்கத்தில் ஸாஹிட் துணைப் பிரதமரானார். இருவர் கட்சிகளும் ஒரே சர்க்காரில் உட்கார்ந்தன. நாட்டுக்கு நிலையான ஆட்சி வேண்டியிருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த 16,230 பேர் எதற்காக எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள் என்று எந்தக் கட்சியாவது ஒரு தோட்டத்துக்கு வந்து கேட்டதா? நமக்குத் தெரிந்து எந்தப் பெரட்டுக் களத்திலும் கேட்கவில்லை.

மாறாக ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். சென்ற தேர்தலில் எந்தக் கட்சி வென்றதோ அந்தக் கட்சிக்கே தொகுதி என்பது அந்தச் சூத்திரம். 2023 ஆகஸ்டு 12ல் பினாங்கு, கெடா, கிளந்தான், திரெங்கானு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய ஆறு மாநிலங்களில் தேர்தல் நடந்தபோது இரு கூட்டணிகளும் பங்குபோட்ட விதம் இதுதான். முன்பு தோற்ற ம.இ.கா.வுக்கும் ம.சீ.ச.வுக்கும் கேட்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று. இரண்டும் போட்டியிடாமல் ஒதுங்கி நின்றன. இதே கணக்கை நம் வட்டாரத்தில் போட்டுப் பாருங்கள். பார்லிமெண்டு அம்னோவுக்கு, ரூங்குப் அம்னோவுக்கு, ஊத்தான் மெலிந்தாங் மக்கள் நீதிக் கட்சிக்கு. தொழிலாளி காலையில் எழுந்து நெற்றி விளக்கைக் கட்டுவதற்கு முன்பே அவனுடைய பிரதிநிதி எந்தக் கட்சிக்காரர் என்பது முடிந்துவிடுகிறது. நாம் ஒரு தடவை போட்ட ஓட்டு அடுத்த தடவையும் நம்மைக் கேட்காமலே தானாகப் போய் விழுகிறது என்றால் அதற்குப் பெயர் தேர்தலா? பழைய செக்ரோலைப் பார்த்துப் புதுச் சம்பளம் எழுதுகிற கிராணியைத் துரை சும்மா விடுவாரா?

இது இன்று நேற்று வந்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். தோல்வியைக் கண்டு கட்சிகள் கூட்டையும் ஆளையும் மாற்றுவது இந்நாட்டில் முதல் தேர்தல் காலத்திலேயே தொடங்கியது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் ம.இ.கா., டத்தோ ஓன் ஜாபாரின் கட்சியை ஆதரித்தது. அந்தக் கட்சிக்குப் பன்னிரண்டில் இரண்டே இடம் கிடைத்தது. அம்னோவும் ம.சீ.ச.வும் சேர்ந்து ஒன்பதைப் பிடித்தன. 1954ல் ம.இ.கா. அந்தக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தது. 1955 தேர்தலில் கூட்டணி நிறுத்திய 52 அபேட்சகர்களில் அம்னோவுக்கு 35, ம.சீ.ச.வுக்கு 15, ம.இ.கா.வுக்கு 2. தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோருக்கு அன்று பிரஜாவுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆகவே யாரை நிறுத்துவது என்று அவர்களைக் கேட்காததற்கு அன்று ஒரு சாக்கு இருந்தது. இன்று என்ன சாக்கு?

இப்போது ம.இ.கா.வின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நம் அங்கத்தினர்களில் பலர் அந்தக் கட்சியிலும் இருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம், படித்துவிட்டுப் பேசுங்கள்.

2004ல் ஒன்பது பார்லிமெண்டுத் தொகுதிகளில் நின்று ஒன்பதையும் வென்றது. 2008ல் ஒன்பதில் மூன்று. 2013ல் நான்கு. 2018ல் இரண்டு. 2022ல் பத்தில் நின்று தாப்பா ஒன்றை மட்டும் வென்றது. இப்படி இறங்கிக்கொண்டே போன கட்சி ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் என்ன செய்தது? தோற்றவரை வேறு தொகுதிக்கு மாற்றியது, அல்லது செனட்டுக்கு அனுப்பியது.

2008ல் ஜி. பழனிவேல் உலு சிலாங்கூரில் 198 ஓட்டில் தோற்றார். 2010 ஏப்ரலில் அங்கே இடைத்தேர்தல் வந்தது. கட்சி மீண்டும் அவரையே நிறுத்த வேண்டும் என்றது. தோற்ற ஆள் வேண்டாம் என்று அம்னோ ஒப்பவில்லை. ப. கமலநாதன் நிறுத்தப்பட்டு 1,725 ஓட்டில் வென்றார். பழனிவேலோ செனட்டராகித் துணை அமைச்சரானார், அந்த ஆண்டு முடிவதற்குள் கட்சித் தலைவரும் ஆனார். 2013ல் தலைவருக்கு ஒரு பத்திரமான தொகுதி வேண்டுமே! கேமரன் மலையில் இருமுறை வென்றிருந்த எஸ்.கே. தேவமணியை அங்கிருந்து எடுத்துச் சுங்கை சிப்புட்டுக்கு அனுப்பினார்கள். கேமரன் மலை தலைவருக்குப் போயிற்று. தலைவர் 462 ஓட்டில் தப்பினார். தேவமணி தோற்றார். தோற்றவர் பேராக் சட்டமன்றச் சபாநாயகரானார், பிறகு துணை அமைச்சரானார். 2018ல் மறுபடியும் சுங்கை சிப்புட்டில் நின்று மறுபடியும் தோற்றார். 2022ல் அதே சுங்கை சிப்புட்டுக்குக் கட்சித் தலைவர் எஸ்.ஏ. விக்னேஸ்வரனே வந்தார். அவர் 2008ல் கோத்தா ராஜாவில் தோற்று, பின்னர் நான்காண்டு செனட் சபையின் தலைவராக இருந்தவர். 1,846 ஓட்டில் தோற்றார்.

தனிப்பட்ட எவரையும் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. அவர்களில் உழைத்தவர்கள் உண்டு. நாம் பார்க்கச் சொல்வது, தோற்றவர்க்கு ஒரு வழி எப்போதும் திறந்திருந்தது என்பதை. செனட் உண்டு, சபாநாயகர் நாற்காலி உண்டு, வேறு தொகுதி உண்டு. தோற்கடித்தவர்களுக்கு என்ன உண்டு? அவர்கள் ஏன் கைவிட்டார்கள் என்று கேட்க ஒரு ஆள்கூட லயத்துப் பக்கம் வரவில்லை. பால் வராத மரத்தின் அடியில் நின்றுகொண்டு கோப்பையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பட்டையைப் பார்க்கவில்லை.

எதிர்க்கட்சியாக இருந்தவர்களும் இதில் உத்தமர்கள் அல்லர். ஊத்தான் மெலிந்தாங்கைப் பாருங்கள். 2008க்கு முன் ம.இ.கா.வின் பங்கில் இருந்த சட்டமன்றத் தொகுதி அது. 2008லும் 2013லும் மக்கள் நீதிக் கட்சியின் சு. கேசவனை நம் மக்கள் வெற்றி பெறச் செய்தார்கள். 2018ல் அவரைச் சுங்கை சிப்புட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் தேவமணியை வென்றார், 2022ல் விக்னேஸ்வரனையும் வென்றார். நம் பக்கத்திலே பழகிய ஆளை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் ஊத்தான் மெலிந்தாங் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 2018ல் ஜி. மணிவண்ணன் வந்தார், வென்றார். 2022ல் வசந்தி சின்னசாமி வந்தார், வென்றார். நான்கு தேர்தல், மூன்று முகம். எந்த முகத்தை வைத்தாலும் இவர்கள் போடுவார்கள் என்று கட்சி கணக்குப் போட்டால் அதில் தவறு என்ன என்று சிலர் கேட்கலாம். பாரிசான் 2018ல் அங்கே நிறுத்தியது ம.இ.கா.காரரை அல்ல, அம்னோக்காரரை. தோற்ற கட்சியிடமிருந்து தொகுதி கைமாறியது. அதையும் நம்மிடம் கேட்டுச் செய்யவில்லை.

ஜ.செ.க.வின் கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2008ல் தெலுக் இந்தானில் வென்றவர் ம. மனோகரன். 2013ல் அவரைக் கேமரன் மலைக்கு அனுப்பினார்கள். 462 ஓட்டில் தோற்றார். நூலிழையில் போன தோல்வி என்று 2018ல் மீண்டும் அனுப்பினார்கள். 597ல் தோற்றார். ம.இ.கா.வின் சி. சிவராஜ் பெற்ற அந்த வெற்றி செல்லாது என்று 2018 நவம்பரில் தேர்தல் நீதிமன்றம் தீர்த்தது. 2019 ஜனவரி 26ல் இடைத்தேர்தல். மூன்றாம் முறையும் மனோகரன்தான்.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நம் கட்டுரையின் உயிர் இங்கே இருக்கிறது.

தொகுதி ம.இ.கா.வுடையது. ஆனால் இம்முறை பாரிசான் வேறு காரியம் செய்தது. கேமரன் மலையின் ஓட்டர்களில் கணிசமானோர் ஓராங் அஸ்லி மக்கள். அதற்கு முன் அவர்களை ஓட்டுப் பெட்டியாக மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். அரிசி மூட்டை போகும், ஓட்டு வரும். பாரிசான் அவர்களிலேயே ஒருவரை, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. ம.இ.கா. விட்டுக்கொடுத்தது. 462 என்றும் 597 என்றும் ஊசலாடிக்கொண்டிருந்த தொகுதியில் பெரும்பான்மை 3,238 ஆக உயர்ந்தது. இந்நாட்டு மக்களவைக்குத் தேர்தல் மூலம் போன முதல் ஓராங் அஸ்லி அவரே. 2022லும் வென்றார், அதன்பின் மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார்.

சர்க்காரில் இருந்த கூட்டணி அப்போதுதான் ஆட்சியை இழந்திருந்தது. தோல்வி கண்ணைத் திறந்தது. தொகுதியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள், அவர்களுக்குள்ளிருந்து ஆளை எடுத்தார்கள். ம.இ.கா. ஒரு தொகுதியை இழந்தது என்று நம்மவர் சிலர் அங்கலாய்த்தார்கள். அங்கலாய்ப்பு இருக்கட்டும். அவர்களுக்குச் செய்ததை நமக்கு ஏன் செய்யக் கூடாது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! காட்டிலிருந்து வந்தவர் பார்லிமெண்டில் உட்காரலாம். தோட்டத்துக் கொட்டகையில் பிறந்து வளர்ந்து, இன்றும் தோட்டத்துச் சம்பளத்தில் வாழ்கிற ஒருவர் உட்காரக் கூடாதா?

"கட்சி ஜெயிக்கிற குதிரையைத்தானே ஓட்டும்? தோற்ற ஆளையும் தெரியாத ஆளையும் நிறுத்தி மண்ணைக் கவ்வச் சொல்கிறீரா?" என்று நம்மைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சுங்கை சிப்புட்டிலேயே இருக்கிறது.

டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் 1999ல் அங்கே ச. சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்றார். 2004ல் மீண்டும் தோற்றார். தோற்றபின் அவர் வேறு தொகுதிக்குப் போகவில்லை, செனட்டையும் எதிர்பார்க்கவில்லை. அதே ஊரில் இருந்தார். வீடிழந்த தோட்டத்து மக்களோடும் நிலப் பிரச்சினைகளோடும் நின்றார். அவருடைய சோஷலிஸ்டுக் கட்சி மூன்றாம் முறையும் அவரையே நிறுத்தியது, மக்கள் நீதிக் கட்சியின் சின்னத்தில். 1974 முதல் அசைக்க முடியாமல் இருந்த மந்திரியை 2008ல் 1,821 ஓட்டில் வீழ்த்தினார். 2013ல் தேவமணியையும் வென்றார். தோற்ற குதிரை என்று இரண்டாம் முறையோடு அவரைத் தள்ளியிருந்தால் அந்த 2008 வந்திருக்குமா?

ஆனால் கதையை இங்கே நிறுத்திவிட்டால் நாமும் கட்சிக்காரர்களைப் போலப் பாதி உண்மை பேசினவர்கள் ஆவோம். 2018ல் இரு பெரும் கூட்டணிகளுக்கு நடுவே தனிச் சின்னத்தில் நின்ற அதே ஜெயக்குமாருக்குக் கிடைத்தவை 1,505 ஓட்டுகள். வைப்புத் தொகை போயிற்று. பத்தாண்டு எம்.பி.யாக இருந்து தொழிலாளி வீட்டுப் படியேறியவரை அலை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த அலையில் தோட்டத்து ஓட்டும் இருந்தது. ஆட்சி மாற வேண்டும் என்ற ஆவேசத்தில் போட்டோம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கட்சிகள் அதிலிருந்து படித்த பாடம் என்ன தெரியுமா? தொழிலாளியோடு இருபதாண்டு நின்றாலும் சின்னம் இல்லாவிட்டால் அவன் கைவிடுவான் என்பதே. நாமே கற்றுக்கொடுத்த பாடம் அது. 2025 ஏப்ரலில் தாப்பாவை அடுத்த ஆயர் கூனிங் இடைத்தேர்தலில் அதே கட்சியின் கே.எஸ். பவானி நின்றபோதும் வைப்புத் தொகை மிஞ்சவில்லை. ஆளைக் குறைசொல்வதற்கு முன் நம் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிற்சங்கத்துக்காரரை நிறுத்தினால் வெல்ல முடியாது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட் 1959ல் பங்சாரில் வென்றார். 1964ல் அதே தொகுதியில் தோற்றார். அவரைத் தோற்கடித்தவரும் சங்கத்துக்காரர்தான், சிங்கப்பூரிலிருந்து வந்து நின்ற தேவன் நாயர். டேவிட் அந்தத் தோல்வியோடு முடிந்து போகவில்லை. 1969ல் பினாங்கில் டத்தோ கிராமாட், 1978ல் டாமான்சாரா, 1986லும் 1990லும் பூச்சோங் என்று வென்றுகொண்டே வந்தார். கட்சியும் தொகுதியும் மாறின என்று சொல்வீர்கள். மெய்தான், அந்த அளவில் அவரும் ஊர் மாறியவரே. ஆயினும் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. தோற்ற மறுநாள் காலையில் அவர் திரும்பிப் போவதற்குத் தொழிலாளர் மத்தியில் ஓர் இடம் இருந்தது. செனட் தேவைப்படவில்லை.

பாகான் டத்தோவுக்கு வருவோம். 1906ல் ரப்பருக்கென்றே தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் முதல் இந்த வட்டாரம் பால் மரத்தைப் பார்த்தது. மரம் போய்த் தென்னையும் செம்பனையும் நிறைந்தன. வேலைக்கு அயல்நாட்டார் வந்தார்கள், நம் பிள்ளைகள் ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் போனார்கள். ஓட்டுப் போட மட்டும் பஸ் ஏறி வருகிறார்கள். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று சட்டம். அது வேலை நாள் கணக்கிலும் எடைக் கணக்கிலும் தோட்டத்தில் எப்படிக் கைக்கு வந்து சேர்கிறது என்பது செக்ரோல் எழுதும் கிராணிக்கும் தெரியும், வாங்கும் தொழிலாளிக்கும் தெரியும். அபேட்சகருக்குத் தெரியுமா? ஓய்வுபெற்றவர் லயத்தைக் காலி செய்ய வேண்டிய நாளில் எங்கே போவார் என்று அவரால் சொல்ல முடியுமா?

சென்ற தேர்தலின்போது, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நாங்கள் சிலர் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒதுங்கியிருந்தோம். ஒரு கட்சியின் ஆட்கள் துண்டுப் பிரசுரத்தோடு வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமல்ல. எங்களில் ஒரு அக்கா, முப்பது வருஷம் பால் வெட்டினவர், "தம்பி, உங்க ஆளு எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று கேட்டார். வந்தவர் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். படித்துப் பார்த்தும் அதில் இல்லை. அக்கா வேறொன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பாகான் டத்தோ, ரூங்குப், ஊத்தான் மெலிந்தாங் ஆகிய மூன்றிலும் நிற்க விரும்பும் கட்சிகள் ஒவ்வொன்றும், அபேட்சகர் பெயரைத் தலைநகரத்தில் எழுதுவதற்கு முன் தோட்டத்துக்கு வரட்டும். 2022ல் நீங்கள் எங்களுக்கு ஏன் போட்டீர்கள், ஏன் போடவில்லை என்று கேட்கட்டும். சென்ற முறை தோற்றவர் இந்த மூன்றாண்டில் எத்தனை முறை இங்கே வந்தார் என்று சொல்லட்டும். வந்திருந்தால் அவரையே மறுபடி நிறுத்தட்டும், நாம் தோல்வியை அவர் நெற்றியில் ஒட்டிப் பார்க்கப்போவதில்லை. வராதவர் என்றால் தோட்டத்தில் பிறந்த ஒருவரைத் தேடட்டும். தொழிலாளியாக இருக்கட்டும், கிராணியாக இருக்கட்டும், ஆசிரியராக இருக்கட்டும். தோற்றாலும் மறுநாள் இங்கேயே இருப்பவராக இருக்கட்டும்.

வென்ற கட்சிக்கே தொகுதி என்ற சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதேதான். தொகுதி உங்கள் கட்சிக்கு என்று நீங்கள் உங்களுக்குள் முடித்துக்கொள்ளலாம். ஆளை முடிப்பதற்கு எங்களைக் கேளுங்கள். 348 என்ற எண் இரு பக்கமும் வெட்டக்கூடிய கத்தி.

கிளைக் காரியதரிசிகள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வைக்க வேண்டும். தாய்மார்கள் வந்து பேச வசதியாகக் கூட்டத்தை ஞாயிறு காலையில் போடுங்கள், இரவில் போட்டால் வழக்கம்போல் நாலு கிழவர்கள் மட்டும் இருப்பார்கள். வட்டாரத்தில் உள்ள எல்லாக் கட்சிக் கிளைகளுக்கும் கடிதம் எழுதுங்கள். பதில் எழுத்தில் வேண்டும், காப்பிக் கடையில் சொன்ன வாக்கு வேண்டாம். வருகிற பதில்களை இப்பத்திரிகையில் ஒரு எழுத்தும் மாற்றாமல் வெளியிடுகிறோம். பதில் தராத கட்சியின் பெயரைப் போட்டு, அதன் கீழே உள்ள இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுகிறோம்.